முயலின் பயம் முயலிடமே இருக்கட்டும்

கேள்வி: 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது மொரீஷியஸின் போர்ட் லூயியில் கார்கள் மிதந்ததை என் மகன் போனில் பார்த்தான். இப்போது ஐந்து வயது. மழை வலுத்தாலே அழுகை. புயலுக்குப் பயப்படும் முயல் கதையைப் படித்துக்காட்டி, "நீயும் இப்படித்தானே பயந்தாய்?" என்றால் புத்தகத்தை மூடிவிடுகிறான். வீட்டில் பேசுவது கிரியோல்தான்; தமிழில் படிக்கலாமா? – ஒரு தாய், ரோஸ் ஹில்

பதில்: உங்கள் கேள்விதான் அவனை விரட்டுகிறது. நடுங்குவது முயல் என்கிற வரைக்கும் அவனால் பார்க்க முடிகிறது. "நீயும்தானே" என்றதும் மாட்டிக்கொள்கிறான். அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அவனாகவே "மோ ஓசி மோ பேர்" (கிரியோலில் 'எனக்கும் பயம்') என்றால் 'ம்' கொட்டிக் கேளுங்கள். "பெரிய பையன் பயப்படலாமா" என்று வாயை அடைக்காதீர்கள்.

ஒரே புத்தகத்தை மூன்று நான்கு நாள் படியுங்கள். முதல் நாள் வெறும் கதை. மறுநாள் எழுத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள்: "காது எப்படி இருக்கு? கையை எங்கே வச்சிருக்கு? அடுத்து என்ன செய்யும்?" ஒரு தடவைக்கு இரண்டு மூன்று கேள்வி போதும், மிஞ்சினால் பரீட்சை. கேட்டபின் மனசுக்குள் பத்து எண்ணும்வரை பேசாதீர்கள். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான், அவசரப்பட்டுப் பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் செலியா பிரவுனெல் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், படத்திலுள்ளவரின் உணர்ச்சியைக் குழந்தையின் வாயால் சொல்லவைத்த பெற்றோரின் பிள்ளைகளே சீக்கிரம் உதவினார்கள், பகிர்ந்தார்கள். பெற்றோர் தாங்களே விளக்கியதற்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை. அவை ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள் என்றாலும், உங்கள் மகனுக்கும் இதே வழிதான்.

மூன்றாம் நாள் புத்தகம் அவன் கையில் இருக்கட்டும். கதையை மாற்றிச் சொன்னாலும் திருத்த வேண்டாம். புயல் பக்கத்தைத் தாண்டினால் தாண்டட்டும்.

அழுகை கிரியோலில் வந்தால் பேச்சும் கிரியோலிலேயே. அவன் "பேர்" (பயம்) என்றால் "ஆமா, முயலுக்குப் பயமா இருக்கு" என்று தமிழைப் பக்கத்தில் வையுங்கள். திருப்பிச் சொல்லச் சொன்னால் அது தமிழ் வகுப்பாகிவிடும்.

மழை அடிக்கும்போதோ தூங்கப்போகும் நேரத்திலோ வேண்டாம். பள்ளிவிட்டு வந்து சாப்பிட்டபின், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பத்து நிமிடம்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் இடி மின்னல் உண்டு, நம் ஊர்ப் புயல் இருக்காது. நீங்களே செய்யுங்கள். இரண்டு ஏ4 தாளை மடித்து நடுவில் ஸ்டேப்பிள் அடித்தால் எட்டுப் பக்கம். அட்டைக்கு ஒன்று, பிறகு ரேடியோவில் முதலாம் புயல் எச்சரிக்கை, பாட்டிலில் தண்ணீர் பிடிப்பது, ஜன்னல் சாத்துவது, டார்ச் வெளிச்சம், காற்றின் சத்தம், காலையில் இலை கூட்டுவது. பக்கத்துக்குப் பக்கம் யாராவது ஏதாவது செய்துகொண்டிருக்கட்டும். பயந்த குழந்தைக்கு 'யார் என்ன செய்வார்கள்' என்பது தெரிய வேண்டும். கடைசிப் பக்கம் அவனுக்கு. மிதக்கும் காரை நீங்கள் வரையாதீர்கள். அவன் வரைந்தால், "இதுக்குள்ள யார் இருக்காங்க?" என்று மட்டும் கேளுங்கள்.

மழை நாளில் பள்ளிக்குப் போக மறுப்பது, தூக்கத்தில் அலறுவது, நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு திரும்புவது வாரக்கணக்கில் தொடர்ந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.