வோல்ற்றும் அம்பியரும் தெரிந்தால் தடையையும் வலுவையும் எப்படிக் கணக்கிடுவது?

வோல்ற்றை அம்பியரால் பிரித்தால் தடை, இரண்டையும் பெருக்கினால் வலு, அவ்வளவுதான். 230 வோல்ற்றில் 8 அம்பியர் இழுக்கிற கரண்ட் கேத்தலின் தடை 28.75 ஓம், வலு 1840 வாற்று.

ஏன் என்று பார்க்க இரணைமடுக் குளத்தை நினையுங்கள். நீர்மட்டம்தான் வோல்ற்று, வாய்க்காலில் செக்கனுக்கு ஓடுகிற தண்ணீர் அம்பியர், தண்ணீரைத் திறந்துவிடுகிற துருசு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ அதுதான் தடை. மட்டம் அப்படியே இருக்க ஓட்டம் குறைந்தால் துருசு இறுகியிருக்கிறது என்றுதானே அர்த்தம், அதனால்தான் பிரிக்கிறோம். வலு என்பது ஒரு செக்கனில் நடக்கிற வேலை. தண்ணீர் உயரத்திலிருந்து விழவும் வேண்டும், நிறைய விழவும் வேண்டும். இரண்டில் ஒன்று பூச்சியமானால் வேலையும் பூச்சியம், ஆகவே பெருக்கல்.

இது கேத்தல், அயன்பொக்ஸ் மாதிரிச் சூடாக்குகிற சாமான்களுக்கு அப்படியே பொருந்தும். தோட்டத்துக் கிணற்று மோட்டருக்குப் பொருந்தாது: பெருக்கி வருகிற தொகையை விட உண்மையான வலு குறைவாக இருக்கும், பிரித்து வருவதும் உள்ளே சுற்றியிருக்கிற கம்பியின் தடை இல்லை.

அப்புறம், லைன் கடைசியில் இருக்கிற வீட்டில் பின்னேரம் 230 வோல்ற்று 180 ஆக விழுந்தால் கேத்தலின் வலுவும் அதே அளவுக்குத்தான் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் தடை மாறாததால் அம்பியரும் சேர்ந்து சுமார் 6.3க்கு இறங்கி, வலு ஏறக்குறைய 1127 வாற்றுக்கு வந்துவிடும்.