ஓர் எழுத்தர் செய்த பிழையும் ஒரு குடும்பத்தின் இரண்டு பெயர்களும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் படிக்கும் டொராண்டோ மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகம் 2022 வரை ரயர்சன் பல்கலைக்கழகம் என்று அழைக்கப்பட்டது. கோடை விடுமுறையில் ஈரி ஏரிக்கரைக்குச் சென்றபோது போர்ட் ரயர்ஸ் என்ற சிற்றூரைக் கண்டோம். இரண்டு பெயர்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையா? (வாசகி, ஸ்கார்பரோ)

பதில்: ஒரே குடும்பம்தான், அண்ணன் தம்பி இருவருடைய பெயர்கள் அவை. ரயர்சன் என்ற பெயருக்கு டச்சு வழக்கில் 'ரெயரின் மகன்' என்று பொருள். நியூயார்க்கும் நியூ ஜெர்சியும் ஆங்கிலேயர் கைக்கு வருவதற்கு முன், அங்கே குடியேறிய டச்சுக்காரர்கள் நம்மைப் போலவே தந்தை பெயரைத்தான் தம் பெயரோடு சேர்த்து வழங்கினார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் அது தலைமுறைதோறும் மாறாத குடும்பப் பெயராக இறுகியது. நியூ ஜெர்சியில் பிறந்த சாமுவேலும் ஜோசப்பும் அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்று போரிட்டவர்கள். சாமுவேலுக்கு வழங்கப்பட்ட படை அதிகாரி நியமனப் பத்திரத்தில் அவர் பெயர் 'ரயர்ஸ்' என்று தவறாக எழுதப்பட்டுவிட்டது. போருக்குப் பின் அதிகாரிகளுக்குரிய அரைச் சம்பளமும் நில மானியமும் அந்தப் பத்திரத்தைக் கொண்டே கிடைக்கும் என்பதால், அவர் பிழையைத் திருத்தாமல் அதையே தம் பெயராக வைத்துக்கொண்டார். ஜோசப் பழைய பெயரிலேயே இருந்தார்.

1783இல் போர் முடிந்ததும், மன்னர் பக்கம் நின்ற பல்லாயிரவரைப் போல இருவரும் வடக்கே கப்பலேறி, இன்றைய நியூ பிரன்ஸ்விக் பகுதியை அடைந்தார்கள். பின்னர் சாமுவேல் 1790களின் நடுவிலும் ஜோசப் 1799இலும் அப்பர் கனடாவுக்கு, அதாவது இன்றைய தெற்கு ஒண்டாரியோவுக்கு வந்து, ஈரி ஏரியின் லாங் பாயிண்ட் பகுதியில் குடியேறினார்கள். சாமுவேல் அமைத்த மாவு ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர்தான் நீங்கள் பார்த்த போர்ட் ரயர்ஸ். அவர் 1812இல் இறந்தார். பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் மீண்டும் போர் மூண்டிருந்த 1814 மே மாதத்தில் அமெரிக்கப் படையினர் கரையிறங்கி அந்த ஆலையை எரித்தார்கள். அதைச் சிறுமியாக நேரில் கண்ட அவருடைய மகள் அமீலியா ஹாரிஸ் பிற்காலத்தில் எழுதிவைத்த நினைவுக்குறிப்பால்தான் இக்குடும்பத்தின் தொடக்க கால வாழ்க்கை நமக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எகர்ட்டன் ரயர்சன் (1803–1882) ஜோசப்பின் மகன். அப்படியானால் சாமுவேல் அவருக்குப் பெரியப்பா. அமீலியா பெரியப்பா மகள். எகர்ட்டன் ஒண்டாரியோவின் பொதுப் பள்ளி முறையை உருவாக்கியவர். அதே சமயம், பூர்வகுடிக் குழந்தைகளுக்கான உறைவிடத் தொழிற்பள்ளிகளைப் பரிந்துரைத்து 1847இல் அறிக்கை எழுதியவரும் அவரே. 2021இல் அவர் சிலை வீழ்த்தப்பட்டதற்கும், மறு ஆண்டு பல்கலைக்கழகத்தின் பெயர் மாறியதற்கும் அந்த அறிக்கையே காரணம்.

கேள்வி: என் மருமகனின் முன்னோர் 1780களில் நியூயார்க்கிலிருந்து கனடாவுக்கு வந்தவர்கள் என்று அவர் வீட்டில் சொல்கிறார்கள். பேரனுக்காகத் தந்தைவழிக் கொடிவழியை எழுதி வைக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது? (வாசகர், மார்க்கம்)

பதில்: பெயரைப் பிடித்துக்கொண்டு அமெரிக்காவில் தேடத் தொடங்காதீர்கள். பெயர் எப்படி ஏமாற்றும் என்பதை மேலே கண்டோம். ரயர்ஸ் என்று மட்டும் தேடுபவர் நியூ ஜெர்சியில் அந்தக் குடும்பத்தைக் காணமாட்டார். பேரனிடமிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு சான்று வைத்து நடந்து செல்லுங்கள். குடும்பம் ஒண்டாரியோவில் வாழ்ந்திருந்தால், பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் அரசுப் பதிவு 1869 ஜூலையில் தொடங்கியது என்பதை நினைவில் வையுங்கள். அதற்கு முன்பு தேவாலயப் பதிவேடுகளையே நம்ப வேண்டும். அவற்றிலும் ஓர் இடைவெளி உண்டு. மெதடிஸ்ட் போதகர்களுக்கு 1831 வரை அப்பர் கனடாவில் திருமணம் நடத்திவைக்கும் உரிமை இல்லை. எகர்ட்டன் உட்பட ஜோசப்பின் மகன்களில் ஐவர் மெதடிஸ்ட் போதகர்களான அதே மாகாணத்தில்தான் இந்த நிலை. ஆகவே மெதடிஸ்ட் குடும்பம் ஒன்றின் திருமணப் பதிவு ஆங்கிலிக்கன் தேவாலயத்தில் கிடைத்தால், குடும்பம் மதப் பிரிவு மாறிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

இந்தத் தேடலில் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் நில மனு. 1789இல் கனடாவின் ஆளுநர் டார்செஸ்டர் பிரபு, 1783ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு முன்பே பேரரசின் பக்கம் சேர்ந்தவர்களின் பெயர்களைப் பதிவு செய்யவும், அவர்களுடைய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 200 ஏக்கர் வழங்கவும் வழி செய்தார். நிலம் கேட்பவர் தாம் யாருடைய பிள்ளை என்று எழுத்தில் நிறுவ வேண்டியிருந்ததால், அந்த மனுக்கள் தம்மையறியாமலே கொடிவழிச் சான்றுகள் ஆகிவிட்டன. அவை ஒட்டாவாவிலுள்ள தேசிய நூலக ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். மனுவில் தந்தை பணியாற்றிய படைப்பிரிவு குறிப்பிடப்பட்டிருந்தால், அதன் வீரர்களின் பெயர்ப் பட்டியல் உங்களை எல்லைக்கு அப்பால் அழைத்துச் செல்லும். அமெரிக்காவில் இழந்த சொத்துக்கு இழப்பீடு கேட்டு அவர் விண்ணப்பித்திருந்தால் அது லண்டனில் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும். பறிபோன வீடு, தோட்டம், மாடு, குதிரை வரை அதில் வரிசையாக எழுதியிருப்பார்கள்.

ஆனால் முன்னோர் 'மன்னர் விசுவாசி', அதாவது போரில் பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்றவர், என்ற குடும்பக் கதையை ஆவணம் வரும்வரை ஏற்காதீர்கள். அப்பர் கனடாவின் துணைநிலை ஆளுநர் சிம்கோ 1792இல் நிலம் தருவதாக அறிவித்த பின்பும் ஏராளமான அமெரிக்கர்கள் அப்பர் கனடாவுக்கு வந்தார்கள். அவர்களில் பலரை அழைத்து வந்தது நிலத்தின் மீதான ஆசையே.

கேள்வி: பெண்களின் வழியைக் கண்டுபிடிக்க முடியுமா? (அதே வாசகர்)

பதில்: முடியும். டார்செஸ்டரின் ஏற்பாடு மகள்களுக்கும் பொருந்தியது. 21 வயது ஆனாலோ அதற்கு முன் திருமணம் நடந்தாலோ அவர்களும் 200 ஏக்கர் கேட்கலாம். 'இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள்' என்று ஒரே வரியில் இரண்டு குடும்பங்களையும் இணைக்கும் மனுக்கள் நிறைய உள்ளன. கணவர் பெயருக்குள் மறைந்துவிட்ட ஒரு பெண்ணை மீட்டெடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அதற்கும் பின்னால் செல்லும்போது, குடும்பம் டச்சு வழியினது என்றால் நீங்கள் நற்பேறு பெற்றவர்: டச்சுத் தேவாலய ஞானஸ்நானப் பதிவுகளில் தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் பெரும்பாலும் இருக்கும்.

கேள்வி: 1740களின் பதிவு ஒன்றில் ஒரே குழந்தைக்கு இரண்டு பிறப்பாண்டுகள் இருக்கின்றன. எது சரி? (வாசகர், மிசிசாகா)

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். 1752 வரை பிரிட்டிஷ் குடியேற்றங்களில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. எனவே பிப்ரவரியில் பிறந்த குழந்தைக்கு 1745/46 என்று இரட்டையாக எழுதுவது வழக்கம். உங்கள் குறிப்பிலும் இரண்டையும் அப்படியே எழுதுங்கள்.

கேள்வி: ரயர்ஸ், ரயர்சன் குடும்பங்கள் குடியேறிய அந்த நிலம் அதற்கு முன் யாருடையது? (வாசகி, பிராம்ப்டன்)

பதில்: லாங் பாயிண்ட் பகுதி மிசிசாகா என்ற பூர்வகுடி மக்களுடைய நிலம், 1792இல் உறுதி செய்யப்பட்ட ஒப்பந்தத்தின் வழியாக அது பிரிட்டிஷ் அரசின் கைக்கு வந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மன்னர் விசுவாசிகளில் சிலர் அடிமைகளையும் உடன் அழைத்து வந்தார்கள். அதற்கு 1790ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. மன்னர் பக்கம் வந்து விடுதலை பெற்ற ஏறத்தாழ 3,000 கறுப்பின மக்கள் 1783இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறியபோது, அவர்களுடைய பெயர், வயது, முன்பு யாரிடம் இருந்தார்கள் என்பது வரை ஒரு பேரேட்டில் எழுதப்பட்டது. அவர்களுடைய கொடிவழியைத் தேடுவோருக்கு அந்தப் பேரேடுதான் முதல் பக்கம். மார்க்கம் வாசகரும் தம் மருமகனின் முன்னோர் எழுதிய உயிலைக் கண்டால், நிலமும் மாடும் எழுதிய பக்கத்தோடு நிறுத்தாமல், அதில் மனிதர்களின் பெயர்கள் சொத்தாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்றும் பார்த்து, இருந்தால் பேரனுக்கான ஏட்டில் அவற்றையும் சேர்த்து எழுத வேண்டுகிறேன்.