கை பெல்ட்டுக்குப் போகிறது என்று எழுதிய சகோதரருக்கு

மகன் பால் டம்ளரைத் தட்டிவிட்டதும் உங்கள் கை தானாகவே இடுப்பு பெல்ட்டுக்குப் போனது, நானும் அப்பாவைப் போல ஆகிவிடுவேனோ என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு விதி இல்லை. அடிபட்டு வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் தம் பிள்ளைகளை வதைப்பதில்லை. மற்றவர்களைவிட அவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்பது மட்டும் உண்மை.

அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் செல்மா ஃப்ரைபெர்க் 1975-இல் எழுதியது உங்களுக்கு உதவும். பிள்ளைகளைப் புறக்கணித்த பெற்றோர், தாங்கள் பட்ட அடிகளைத் துல்லியமாகச் சொன்னார்கள். அன்றைய பயமும் அவமானமும்தான் அவர்கள் நினைவில் இல்லை. அந்த வலி நினைவுக்கு வந்து அழுத பிறகுதான் தம் குழந்தையின் அழுகை அவர்கள் காதில் விழுந்தது.

"அடித்ததால்தான் உருப்பட்டேன்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த வரிதான். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்தபோது எவ்வளவு பயந்தீர்கள் என்பதை உங்கள் மனைவியிடம் ஒருமுறை முழுதாகச் சொல்லுங்கள்.

தாடை இறுகும்போதே அறையைவிட்டு வெளியேறிவிடுங்கள். பயமுறுத்தியதற்கு மகனிடம் மன்னிப்புக் கேளுங்கள். அதனால் தகப்பனின் மரியாதை குறையாது. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416, தமிழிலேயே பேசலாம். இன்றே கூப்பிடுங்கள்.