எவ்வளவு திருப்பியும் வோல்ட் குறையவில்லையே?

கேள்வி: அண்ணாச்சி, எங்களுக்குக் களக்காடு பக்கம் வாழைத்தோட்டம். வீட்டிலிருந்தே போன் அடித்து மோட்டாரைப் போட, சிம் கார்டு போட்டு போன் அழைப்பை வாங்கும் சிம்800எல் போர்டு வைத்து நானே ஒரு ஸ்டார்ட்டர் செய்கிறேன். 12 வோல்ட் பேட்டரியைக் குறைக்க எல்எம்2596 மாட்யூல் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. டூப்ளிகேட்டா? திருப்பி அனுப்பிவிடட்டுமா?

பதில்: அவசரப்பட்டு அனுப்ப வேண்டாம் தம்பி, இன்னும் திருப்புங்கள். மாட்யூலில் ட்ரிம்மர் என்ற சிறு நீலப் பெட்டி இருக்கிறதே, அதன் பித்தளை ஸ்க்ரூ ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக 25 சுற்று வரை ஆகும். முழுக்கக் கூட்டி வைத்தால் மாட்யூல் வெளியே கொடுக்கப் பார்ப்பது 37 வோல்ட்டுக்கும் மேல். உங்கள் பேட்டரியில் இருப்பதோ 12. அதனால் தனக்கு ஒரு வோல்ட் போக மிச்சத்தை அப்படியே வெளியே விடுகிறது. ஸ்க்ரூவில் வைத்த அளவு அதற்குக் கீழே வரும்வரை மீட்டரில் அசைவே தெரியாது.

10 கே ட்ரிம்மரும் 330 ஓம் ரெசிஸ்டரும் உள்ள வழக்கமான போர்டு என்றால், இடப்பக்கமாக ஏறக்குறைய 18 சுற்று போன பிறகுதான் முள் இறங்கத் தொடங்கும். அப்புறம் கை நிதானமாக இருக்க வேண்டும். சுற்றுக்கு ஒன்றரை வோல்ட் இறங்கும். உங்களுக்கு வேண்டிய 4 வோல்ட் கடைசி இரண்டு சுற்றுக்குள் இருக்கிறது. கோடிக்குப் போனதும் 'டிக்' என்று மெல்லச் சத்தம் கேட்கும். இரு கோடியிலும் அந்தச் சத்தம் வந்தும் 11 வோல்ட்டே நின்றால், அப்போது திருப்பி அனுப்புங்கள்.

இதையெல்லாம் சிம் போர்டை இணைக்காமல் செய்யுங்கள், தயவுசெய்து. சிம்800எல் தாங்குவது 3.4 முதல் 4.4 வோல்ட் வரைதான். 4 வோல்ட்டில் நிறுத்தி, ஸ்க்ரூவின் தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துவிடுங்கள். மோட்டார் ரூம் அதிர்வில் நகராது. டவரைத் தேடும்போது அந்தப் போர்டு கண நேரத்துக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய வயராக இருந்தால் வோல்ட் சரிந்து போர்டு தானே அணைந்து அணைந்து எரியும். கொஞ்சம் தடித்த, குட்டையான வயர் போட்டு, போர்டின் பக்கத்திலேயே 1000 மைக்ரோபாரட் கெபாசிட்டர் ஒன்றை வையுங்கள். இன்னொன்று, இது 2ஜி போர்டு. ஜியோவில் 2ஜி கிடையாது, அதனால் ஜியோ சிம் இதில் வேலை செய்யாது. தோட்டத்தில் எந்தக் கம்பெனியின் 2ஜி சிக்னல் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு சிம் வாங்குங்கள்.

கேள்வி: ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் இதே மாட்யூலுக்கு ஆன்லைனைப் போல் இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். '3 ஆம்பியர், ஒரிஜினல்' என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: கடைக்காரர் உங்கள் கண் முன்னால் மீட்டர் வைத்துக் காட்டி, பில்லும் தருவதாக இருந்தால் வாங்கலாம். 'ஒரிஜினல்' என்ற சொல்லுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அசல் எல்எம்2596 சிப் 150 கிலோஹெர்ட்ஸில் ஓடும், அதாவது நொடிக்கு ஒன்றரை லட்சம் முறை கரன்டை விட்டு விட்டு அனுப்பும். மலிவான பல சிப்கள் 50ஐ ஒட்டித்தான் ஓடுகின்றன. வெறும் கண்ணால் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

கண்ணுக்குத் தெரிவது கெபாசிட்டர். சிப் 40 வோல்ட் தாங்கும். ஆனால் உள்ளே வரும் பக்கத்து கெபாசிட்டரில் 35 என்று அச்சிட்டிருந்தால் அந்தப் போர்டுக்கு எல்லை 35தான். '12 வோல்ட்' சோலார் பேனல் ஒன்று லோடு இல்லாதபோது 21, 22 வோல்ட் காட்டும், அது பரவாயில்லை. இரண்டை வரிசையாக இணைத்தால் அதோடு போர்டு போச்சு. 3 ஆம்பியரையும் அப்படியே நம்ப வேண்டாம். ஹீட்சிங்க் என்ற சூடு தணிக்கும் உலோகத் தகடு இல்லாமல் தொடர்ந்து ஓட 2 ஆம்பியர்தான் கணக்கு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே என்றால் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் வாங்கி ஏமாந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதி அது. நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்யுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோவும், மீட்டர் காட்டும் எண்ணோடு ஒரு போட்டோவும் கையில் இருக்கட்டும்.