சீனியர் இயரில் (பன்னிரண்டாம் வகுப்பில்) என்ன பாடம் எடுப்பது? வாசகர் கேள்வி-பதில்

பிப்ரவரி பிறந்தால் அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் அடுத்த ஆண்டுக்கான பாடத்தேர்வு தொடங்கிவிடும். கூடவே எனக்கு மின்னஞ்சல்களும். இந்த முறை வந்தவற்றில் நான்கு.

மகன் பதினொன்றாம் வகுப்பு, வாஷிங்டன் மாநிலம். அடுத்த வருடம் ரன்னிங் ஸ்டார்ட்டில் முழுக்கக் கம்யூனிட்டி காலேஜுக்கே போகிறேன் என்கிறான். எம்ஐடி ஆசையும் இருக்கிறது. விடலாமா?

ரன்னிங் ஸ்டார்ட் என்றால், பள்ளி மாணவர்கள் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரியில்) போய்ப் படிக்கும் திட்டம். கல்விக்கட்டணம் இல்லாமல் கல்லூரிப் பாடம் என்பது நல்ல விஷயம்தான். மாநிலப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் அந்த கிரெடிட்டை ஏற்கும். போட்டி கடுமையான தனியார் கல்லூரிகள் பல, பள்ளிப் பட்டத்துக்குக் கணக்கு வைத்த பாடத்துக்கு மறுபடி கிரெடிட் தருவதில்லை. ஆக, 'ஒரு வருடம் மிச்சம்' என்ற கணக்கு அங்கே செல்லாது.

சேர்க்கைக்கு என்று பார்த்தால் நான் கேட்பது ஒன்றுதான்: பள்ளியில் இல்லாத எதைப் படிக்கப் போகிறான்? ஏபி (பள்ளியிலேயே நடத்தும் கல்லூரித் தரப் பாடம்) வரிசையில் கால்குலஸ் பிசியை முடித்துவிட்டு லீனியர் அல்ஜீப்ராவுக்காகப் போகிறான் என்றால் தாராளமாக அனுப்புங்கள். பள்ளியில் ஏபி பிசிக்ஸ் இருக்கும்போது அங்கே போய் அறிமுக வகுப்பில் உட்கார்ந்தால் அது மறையாது. இந்தப் பள்ளியில் கிடைப்பதோடு ஒப்பிட்டால் இவன் எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினம் என்று டிக் அடிக்க, பள்ளிக் கவுன்சிலர் கல்லூரிகளுக்கு அனுப்பும் அறிக்கையில் ஒரு கேள்வியே உண்டு.

அப்புறம், அங்கே குவார்ட்டர் முறை. ஐந்து கிரெடிட் பாடம் பள்ளியின் ஒரு வருடப் பாடத்துக்குச் சமம். பத்துப் பதினோரு வாரத்தில் முடிந்துவிடும். மிட்டெர்மில் சறுக்கினால் சுதாரிக்க நேரம் இருக்காது. அந்த கிரேடு கல்லூரி டிரான்ஸ்கிரிப்டிலும் ஏறிவிடும். பாதி நாள் பள்ளி, ஒன்றிரண்டு பாடம் அங்கே: என் ஓட்டு இதற்குத்தான். பரிந்துரைக் கடிதம் எழுதப்போகும் டீச்சர் கண்ணில் அவ்வப்போது படவும் வேண்டுமே!

மகள் ஸ்பானிஷை விட்டுவிட்டு இன்னொரு அறிவியல் ஏபி எடுக்கலாமா?

ஏபி ஸ்பானிஷ் முடித்திருந்தால் விடலாம். இரண்டாம் நிலையோடு நிறுத்துவதாக இருந்தால் வேண்டாம். யுசி (கலிபோர்னியாவின் மாநிலப் பல்கலைக்கழகம்) கேட்பது இரண்டு வருடம், பரிந்துரைப்பது மூன்று. ஹார்வர்டு ஒரே மொழியில் நான்கு வருடம் இருந்தால் நல்லது என்கிறது. சில பள்ளி மாவட்டங்கள் தமிழுக்கும் கிரெடிட் தருகின்றன. உங்கள் மாவட்டத்தில் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு ஏபி தேர்வு மே மாதம்தானே? அதற்குள் சேர்க்கை முடிந்துவிடுமே, எதற்கு அலட்ட வேண்டும்?

தேர்வு மதிப்பெண் ஜூலையில்தான் வரும், உண்மை. ஆனால் முதல் செமஸ்டர் கிரேடு நடு ஆண்டு அறிக்கையில் பெரும்பாலான கல்லூரிகளுக்குப் போகும். இறுதி கிரேடும் பின்னாலேயே போகும். யுசி தன் ஜிபிஏ (சராசரி கிரேடு) கணக்கில் இந்த வருடத்தைச் சேர்ப்பதில்லை. என்ன பாடம் என்று மட்டும் பார்த்துவிட்டு, நிபந்தனையோடு இடம் தருகிறது. டி கிரேடு வாங்கினால் அந்த இடம் போகலாம்.

அங்கிள், ஏழு ஏபி போட்டிருக்கிறேன். போதுமா?

தம்பி, உன் காலண்டரை எடு. பல கல்லூரிகளின் முன்கூட்டிய விண்ணப்பத்துக்கு நவம்பர் 1 கெடு. பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் கட்டுரை 650 வார்த்தை வரை. கல்லூரிக்குக் கல்லூரி துணைக் கட்டுரைகள் தனி. யுசிக்கு 350 வார்த்தை வரை நான்கு பதில்கள், நவம்பர் கடைசிக்குள். இதெல்லாம் ஏழு பாட வீட்டுப்பாடத்துக்கு நடுவில். இரண்டை இன்றைக்கே நீக்கிவிடு. எந்த இரண்டு என்று என்னைக் கேட்காதே; ராத்திரி பதினொரு மணிக்கு எந்தப் புத்தகத்தைத் திறக்கவே மனம் வராதோ, அந்த இரண்டு.