வலி தாங்குவது விரதமல்ல

அன்புள்ள அக்கா,

திருப்பூரில் சின்னதாகத் தையல் யூனிட் வைத்திருக்கிறேன். வயது 47. குடியை விட்டு ஏழு வருடம் ஆகிறது. சிகிச்சை மையத்தில் இருந்து வந்ததில் இருந்து ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற, குடியை விட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கும் அமைப்பின் கூட்டங்கள்தான் என்னைத் தாங்குகின்றன. போன மாதம் பைக்கில் இருந்து விழுந்ததில் தோள்பட்டை ஜவ்வு கிழிந்துவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும். முதல் சில நாட்கள் டிரமடால் என்ற மார்ஃபின் வகை வலி மாத்திரை தேவைப்படும் என்கிறார் டாக்டர். கூட்டத்தில் ஒரு மூத்தவர், "அதைப் போட்டால் உன் ஏழு வருடம் போச்சு, மறுபடி முதல் நாளில் இருந்து எண்ணு" என்கிறார். டாக்டரிடம் என் பழைய கதையைச் சொல்லவில்லை. ஊரில் தெரிந்தவர், கூச்சமாக இருக்கிறது. மாத்திரை போட்டால் நான் குடிக்காதவன்தானா? பல்லைக் கடித்துக்கொண்டு மருந்தில்லாமல் இருந்துவிடலாமா? இல்லை, அரிஷ்டம், கஷாயம் என்று போகலாமா? படுத்திருக்கும் நாட்களில் படிக்க நல்ல நாவல்களும் சொல்லுங்கள்.

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

வருடக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். டாக்டர் எழுதிய மருந்தை, எழுதிய அளவில், எழுதிய நாள்வரை எடுத்துக்கொள்பவர் குடிக்கவில்லை. உங்கள் ஏழு வருடத்தை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது. அந்த மூத்தவர் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அது அவர் வேலை இல்லை. மருந்துகளைப் பற்றி ஏஏ இயக்கமே ஒரு சிறு வெளியீடு போட்டிருக்கிறது. உறுப்பினர்கள் யாரும் அடுத்தவருக்கு டாக்டராகக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. 1935-ல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் அந்த இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் டாக்டர் பாப் ஓர் அறுவை மருத்துவர் என்பதையும் அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

அரிஷ்டம் வேண்டாம். புளிக்கவைத்துச் செய்வது, அதிலேயே ஆல்கஹால் உண்டு. அதற்கு மேல் பேச அதில் ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவைத்தது வேறு வரி. "டாக்டரிடம் சொல்லவில்லை." போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். கொஞ்ச நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சமீபத்தில் சொந்தத்தில் ஒரு பையனை ஆபரேஷனுக்குச் சேர்த்தார்கள். குடிப்பழக்கம் உண்டா என்று நர்ஸ் கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் அவன் அம்மா "அதெல்லாம் இல்லை" என்று முடித்துவிட்டாள். எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது.

பெரியப்பா கும்பகோணத்தில் அரிசி மண்டியில் கணக்கு எழுதினார். நன்றாகக் குடித்தவர், பிறகு சுத்தமாக விட்டவர். அவர் விட்ட பிறகுதான் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அவரைப் பந்தி விசாரிக்க நிறுத்தினார்கள். அந்த மரியாதையை அவர் எவ்வளவு நேசித்தார் என்பது இலை இலையாகக் குனிந்து "சாதம் வைக்கலாமா" என்று கேட்கும்போது தெரியும். ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், ராத்திரித் துணைக்கு என்னை ஆஸ்பத்திரியில் இருக்கச் சொன்னார்கள். சேர்க்கும்போது பெரியம்மா சொன்னதும் இதேதான்: "அவருக்கு ஒரு பழக்கமும் கிடையாதும்மா." அவள் மகன் இன்னும் ஒரு படி மேலே போனான். "ஊசி அதிகம் வேண்டாம் சிஸ்டர், அப்பா தாங்கிக்குவார்" என்றான். ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆக, டாக்டருக்கும் விஷயம் தெரியாது, நோயாளிக்கும் மருந்து கிடையாது.

ராத்திரி அவர் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கம்பியில் பெயிண்ட் உரிந்து, அந்தப் பச்சைத் துகள்கள் அவர் நகத்தில் ஏறியிருந்தன. ஒரு தடவை மட்டும் மகனிடம் கேட்டார், "ஒரு ஊசி போடச் சொல்லேன்டா." அவன் குனிந்து காதோடு, "மறுபடி ஆரம்பிக்கிறீங்களா?" என்றான். அதற்குப் பிறகு பெரியப்பா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் என்ன மன உறுதி, என்ன மன உறுதி என்று புகழ்ந்துவிட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்கு வந்து ஒரு மாதத்துக்குள் மெத்தைக்கு அடியில் குவார்ட்டர் பாட்டில் கிடந்தது. ஊசி போட்டிருந்தால் குடித்திருக்க மாட்டார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வலிக்கு மருந்து கேட்டதையே குற்றமாக்கிய வீட்டில், அடுத்த மருந்தை அவர் யாரிடமும் கேட்காமல் தேடிக்கொண்டார். அதை நான் மன்னிக்கவே இல்லை.

இப்போது நீங்களும் அதே காரியத்தைச் செய்யப் பார்க்கிறீர்கள், அதுவும் உங்களுக்கு நீங்களே. என்ன தம்பி இது? ஏழு வருடமாகக் கூட்டம் கூட்டமாகப் போய், முன்பின் தெரியாதவர்கள் நடுவில் எழுந்து நின்று "நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்கிறீர்கள். உங்கள் தோளைத் திறக்கப்போகிற மனிதரிடம் சொல்ல மட்டும் கூச்சமா? அவர் ஊர்க்காரர் என்றால் என்ன? ஊர் பேசும் என்று பயந்தால் வேறு டாக்டரைப் பாருங்கள். சொல்லாமல் மேஜையில் போய்ப் படுக்காதீர்கள்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், நீங்கள் தட்டிக்கழிக்கக் கூடாது என்பதற்காக. குடி ஆசை வராமல் இருக்கச் சிலருக்கு நால்ட்ரெக்ஸோன் கொடுப்பார்கள். நீங்கள் அதை எடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. அது உடம்பில் இருக்கும்போது மார்ஃபின் வகை மருந்துகள் சரியாகப் பிடிக்காது. ஆபரேஷனுக்குச் சில நாட்கள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், எப்போது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். தெரியாமல் போனால் கொடுத்த மருந்து ஏன் கேட்கவில்லை என்று அவர்கள் முழிப்பார்கள், நீங்கள் துடிப்பீர்கள். அடுத்தது, குடியை நிறுத்திய நாட்களில் உங்களுக்கு வலிப்பு வந்ததா? டிரமடால் வலிப்பைத் தூண்டக்கூடிய மருந்து. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அவற்றில் பலவும் டிரமடாலும் ஒத்துப்போகாது. ஈரல் பழைய குடியில் கெட்டிருந்தால் சாதாரண பாரசிட்டமாலின் அளவைக்கூடக் குறைக்க வேண்டும். இதில் ஒன்றைக்கூட உங்கள் முகத்தைப் பார்த்து டாக்டர் கண்டுபிடிக்க முடியாது. ஒரு வாக்கியத்தில் நீங்கள் சொன்னால் வேறு மருந்தே எழுதிவிடுவார்.

பல்லைக் கடிப்பது பற்றி. தோள்பட்டை ஜவ்வு ஆபரேஷன் வலி லேசுப்பட்டது இல்லை. கழுத்தோரம் நரம்பில் ஊசி போட்டுக் கையை மரத்துப்போக வைப்பார்கள். அது இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் முதல் ராத்திரியில், வீடே தூங்குகிற நேரத்தில், அந்த மரப்பு விட்டதும் வலி மொத்தமாக இறங்கும். அந்த வேளைக்கு என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு என்று முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும். தூக்கமில்லாமல், வலியில், தனியாக உட்கார்ந்திருக்கும் ஆள்தான் பாட்டிலுக்கு மிக அருகில் இருக்கிறார். மருந்து மட்டும்தான் ஆபத்து என்று நினைத்தால் இது கண்ணில் படாது.

சிசிலி சாண்டர்ஸ் என்று ஒரு மருத்துவர் இருந்தார். 1967-ல் லண்டனில், கடைசிக் கட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கியவர். நோயாளி வலியில் கெஞ்சிய பிறகு மருந்து கொடுக்காதீர்கள், வலி திரும்புவதற்கு முன்பே கடிகாரத்தைப் பார்த்து அடுத்த வேளையைக் கொடுத்துவிடுங்கள் என்றார். அவர் பார்த்தது புற்றுநோயில் கிடந்தவர்களை, உங்கள் தோள் கதை வேறுதான். ஆனால் உங்களைப் போன்றவருக்கு அந்தக் கடிகாரம் இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன். சீட்டில் "வலித்தால் போட்டுக்கொள்ளவும்" என்று எழுதிக் கொடுத்தால், இப்போது வலிக்கிறதா, போதுமான அளவு வலிக்கிறதா என்று நாள் முழுக்க உங்களோடு நீங்களே வாதாட வேண்டிவரும். அந்த வாதத்தில் உங்கள் பழைய மூளை எத்தனை தடவை ஜெயித்திருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். அதனால் மணி குறித்துத் தரச் சொல்லுங்கள். பாரசிட்டமாலும் ஐஸ் ஒத்தடமும் வேளை தவறாமல், டிரமடால் எத்தனை நாளோ அத்தனை நாளுக்கு மட்டும் எண்ணி.

டாக்டர்களும் இப்போது பயந்துதான் இருக்கிறார்கள். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்ட பையன்களைப் பற்றிய செய்தி நம் ஊர்ப் பேப்பர்களில் அடிக்கடி வருகிறது. டிரமடாலை 2018-ல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். பயமும் கெடுதல் செய்யும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 1985-ல் அந்தச் சட்டம் வந்த பிறகு, புற்றுநோயாளிகளுக்கு மார்ஃபின் கிடைப்பதே அரிதாகிப்போனது. கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருடக்கணக்காகப் போராடிய பிறகு 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை எத்தனை வீடுகளில் எத்தனை பேர் கத்திக்கொண்டே செத்திருப்பார்கள். அதையும் மன உறுதி என்று யாராவது புகழ்ந்திருப்பார்கள்.

நாவல் பட்டியல் இப்போது தர மாட்டேன். கை கட்டுப்போட்டிருக்கும், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தூங்க முடியும், முதல் வாரம் புத்தகம் ஓடாது. அந்த வாரம் உங்களுக்கு வேண்டியது மனிதர்கள். கூட்டத்து நண்பர்கள் இரண்டு பேரை முறை வைத்து வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் பழைய கதையை மனைவி முன்னாலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். மயக்க மருத்துவரையும் தனியாகப் பார்த்து அதையே மறுபடி சொல்லுங்கள். டிரமடால் பட்டை உங்கள் கையில் இருக்க வேண்டாம். மனைவி வைத்துக்கொண்டு, அந்தந்த வேளைக்கு ஒன்றாகக் கத்தரித்துக் கொடுக்கட்டும். மிஞ்சினால் பீரோவில் போட்டுவைக்காமல் மருந்துக்கடையிலோ ஆஸ்பத்திரியிலோ திருப்பிக் கொடுத்துவிடட்டும். சொன்ன நாளுக்கு மேல் வலி இருந்தால் நீங்களாகக் கூட்டிப் போடாமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். இதெல்லாம் ஆன பிறகு எனக்கு எழுதுங்கள், டாக்டரிடம் சொல்லாமல் மட்டும் எழுதாதீர்கள்.

அன்புடன்,
அக்கா