வேர் சிகிச்சை முடிந்த கடைவாய்ப் பல் ஏன் உடைகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை மலேசியாவின் பினாங்குத் தீவிலிருந்தும் எதிரேயுள்ள பெருநிலக் கரையிலிருந்தும் வந்த கேள்விகளில் பல, அடைத்த பல்லோ வேர் சிகிச்சை செய்த பல்லோ பிளந்துபோவதைப் பற்றியே இருந்தன. அவற்றை மட்டும் ஒன்றாக எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ஆறு மாதங்களுக்கு முன் வேர் சிகிச்சை செய்தேன். பக்கச் சொத்தையையும் சேர்த்து அடைத்திருக்கிறார்கள். பல்லை முழுதாக மூடும் உறை போட வேண்டும் என்கிறார் மருத்துவர். ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் ஆகுமாம். இப்போது வலியே இல்லை. அவசியந்தானா?
ஓய்வுபெற்ற ஆசிரியை, ஜோர்ஜ் டவுன்

அவசியந்தான் அம்மா. வலி இல்லை என்பதைக் கொண்டு இந்தப் பல்லை மதிப்பிட முடியாது. உள்ளிருந்த நரம்பை எடுத்துவிட்டதால், விரிசல் விழுந்தாலும் அது முன்போல உங்களை எச்சரிக்காது.

நரம்பு எடுத்த பல் காய்ந்த விறகைப் போல் உலர்ந்துவிடும், அதனால்தான் உடைகிறது என்று மக்கள் நம்புகிறார்கள். மருத்துவர்களாகிய நாங்களும் நெடுங்காலம் அப்படித்தான் சொல்லிவந்தோம். 1992இல் செஜ்லி, மெஸ்ஸர் என்னும் இரு ஆய்வாளர்கள் வேர் சிகிச்சை பெற்ற பல்லையும், அதே நபரின் வாயில் மறுபக்கத்தில் இருந்த உயிருள்ள பல்லையும் இணையிணையாக வைத்துச் சோதித்தபோது, எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினின் வலிமையில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தென்படவில்லை. பல் பலவீனமாவதற்குக் காரணம் ஈரம் போனதல்ல, சுவர் போனது. இதை 1989இலேயே ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் ஆகியோர் பிடுங்கிய சிறு கடைவாய்ப் பற்களில் அளந்து காட்டியிருந்தார்கள். நரம்பறைக்குச் செல்லும் துளையை மட்டும் போட்டால் பல்லின் விறைப்பு, அதாவது வளையாமல் நிற்கும் தன்மை, ஏறத்தாழ 5 விழுக்காடு குறைந்தது. மேற்பரப்பில் அடைப்புக்கான குழி வெட்டினால் 20 விழுக்காடு. முன்பக்க, பின்பக்க விளிம்புகள் இரண்டையும் வெட்டி எடுத்தபோது 63 விழுக்காடு குறைந்தது. மாட்டுவண்டிச் சக்கரத்தின் மரத்துண்டுகளை இரும்புப் பட்டை எப்படி இறுக்கிப் பிடிக்கிறதோ, அப்படித்தான் அந்த இரு விளிம்புகளும் கன்னப் பக்கச் சுவரையும் நாக்குப் பக்கச் சுவரையும் விலகாமல் பிடித்திருக்கின்றன. பட்டை போன பின் ஒவ்வொரு கடியிலும் சுவர்கள் சிறிது சிறிதாக வெளிநோக்கி வளைகின்றன. பல மாதங்கள் வளைந்த பின் ஒருநாள் சோற்றில் கிடந்த சிறு கல்லே போதும்.

நம் அண்டை நாடான தாய்லாந்தில் உறை போடாமல் விட்ட, வேர் சிகிச்சை முடிந்த கடைவாய்ப் பற்களைப் பற்றி 2005இல் வெளிவந்த ஆய்வு ஒன்றை நான் நோயாளிகளிடம் அடிக்கடி சொல்வேன். அந்தப் பற்களில் ஓராண்டு தாக்குப்பிடித்தவை 96 விழுக்காடு, இரண்டாண்டு 88, ஐந்தாண்டு வெறும் 36. முதல் ஆண்டு நன்றாகப் போவதைக் கண்டுதான் பலர் உறையை மறந்துவிடுகிறார்கள். அதே ஆய்வில், குழி சிறியதாக இருந்து சுற்றுச்சுவர் பெரும்பாலும் மீந்திருந்த பற்கள் ஐந்தாண்டுக்குப் பிறகும் 78 விழுக்காடு நிலைத்தன. ஆகவே எல்லாருக்கும் முழு உறை வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இரு விளிம்புகளும் சேதமில்லாமல் இருந்தால் பல் நிறத்திலுள்ள நல்ல காம்போசிட் அடைப்போடு கவனித்துவரலாம். உங்களுக்கோ பக்கச் சொத்தையால் ஒரு விளிம்பு ஏற்கெனவே போய்விட்டது. பணம் இப்போது இயலாவிட்டால், பல்லின் மேடுகளை ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை குறைத்து, அவற்றின் மேலேயே காம்போசிட்டை மூடித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அது உறைக்கு நிகராகாது என்றாலும், சுவர்கள் விரிவதைத் தடுத்து உங்களுக்கு அவகாசம் தரும்.

பழைய வெள்ளி அடைப்பு உள்ள பல்லில் கடிக்கும்போது சில சமயம் மின்னல் வெட்டினாற்போல் வலிக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள்.
வாசகர், பட்டர்வொர்த்

கடிக்கும்போது வலிக்கிறதா, கடித்த வாயைத் திறக்கும்போது வலிக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள். திறக்கும் கணத்தில் சுரீரென்று வலித்தால் விரிசல் விழுந்த பல்லாக இருக்க வாய்ப்பு மிகுதி. விரிசலின் இரு பக்கங்களும் கடியில் விலகி, விட்டவுடன் சேரும்போது, டென்டினின் நுண்குழாய்களிலுள்ள திரவம் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது என்பதே இதற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம். விரிசல் பெரும்பாலும் பல்லின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக, எக்ஸ்ரே படத்துக்கு இணையாக ஓடுவதால் படத்தில் விழுவதில்லை. ஒவ்வொரு மேட்டின் மீதும் சிறு பிளாஸ்டிக் குச்சியை வைத்துத் தனித்தனியே கடிக்கச் செய்தும், பக்கவாட்டில் வெளிச்சம் பாய்ச்சியும் பார்த்தால் தெரியும். பழைய அடைப்பை எடுத்துப் பார்த்து, மேடுகளை மூடிக் கட்டுவதே சிகிச்சை. நரம்பு கெடுவதற்கு முன் வந்துவிட்டால் வேர் சிகிச்சையே தேவைப்படாமலும் போகலாம், ஆகவே தாமதிக்க வேண்டாம்.

தொந்தரவே தராத வெள்ளி அடைப்பை, பழையது என்ற ஒரே காரணத்துக்காக எடுக்கக் கூடாது. எடுக்கும் ஒவ்வொரு தடவையும் நல்ல பல்லும் கொஞ்சம் போகிறது.

இரவு ஷிப்டில் வேலை செய்கிறேன். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாக மனைவி சொல்கிறாள். சிர்கோனியா உறைதான் இருப்பதிலேயே வலுவானது என்கிறார்களே?
தொழிற்சாலை ஊழியர், பாயான் லெப்பாஸ்

உறையின் வலு வேறு, உறை போட்ட பல்லின் வலு வேறு. சிர்கோனியா என்னும் பீங்கான் வகை எளிதில் உடையாது என்பது உண்மை. ஆனால் அதன் விறைப்பு, அதை அளக்கும் அலகில், ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல். கீழே இருக்கும் டென்டினுக்கோ 20 கிகாபாஸ்கலுக்கும் குறைவு. வளையாத மூடிக்கு அடியில் வளையும் சுவர் நின்றால், உறை தப்பித்துப் பல் அடியோடு உடைய நேரலாம். உறை உடைந்தால் புதிதாகச் செய்துகொள்ளலாம், வேர் பிளந்தால் பெரும்பாலும் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. ஆகவே என்ன பொருள் என்று கேட்பதற்கு முன், ஈறுக்கு மேலே உங்கள் சொந்தப் பல் எவ்வளவு மீந்திருக்கிறது என்று கேளுங்கள். உறையின் ஓரம் சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் நல்ல பல்லைக் கவ்வி நிற்குமானால், எந்தப் பொருளும் நன்றாக உழைக்கும். அதோடு, தூங்கும்போது போடும் கடிக்கவசத்தையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் விஷயத்தில் உறையைவிட அதைத்தான் நான் முதலில் சொல்லுவேன்.

வேர்க்குழாய்க்குள் ஆணி வைத்தால் பல் பலப்படுமா?
வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பலப்படாது. ஆணியின் வேலை, மேலே கட்டும் அடைப்பைப் பிடித்து நிறுத்துவது மட்டுமே. கடைவாய்ப் பல்லில் நரம்பறையே விசாலமாக இருப்பதால் பெரும்பாலும் அந்தப் பிடிப்பே போதும். ஆணிக்காக வேரைக் குடைவது வேரை மெலியச் செய்யும்.

கோலாலம்பூரில் பல் மருத்துவம் படிக்கிறேன். அடைத்த கடைவாய்ப் பல் 2,000 நியூட்டன் தாங்கியது என்று ஒரு கட்டுரையும், அதே பொருளுக்குப் பாதிதான் என்று இன்னொன்றும் சொல்கின்றன. எதை நம்புவது?
மாணவர், சொந்த ஊர் பிறை

தம்பி, இரண்டையும் அந்தந்த ஆய்வுக்குள் மட்டும் நம்புங்கள். பிடுங்கிய பல்லை ஆய்வகத்தில் எஃகு முனையால் உடையும்வரை அழுத்தி, அப்போதைய விசையை நியூட்டன் என்னும் அலகில் குறித்த எண்கள் இவை. பிடுங்கிய பற்களின் அளவு, வயது, சேமித்த விதம், எஃகு முனை பல்லைத் தொட்ட இடம், அழுத்திய கோணம், இறங்கிய வேகம் ஆகியவற்றில் எது மாறினாலும் எண் மாறிவிடும். ஓர் ஆய்வில் அடைத்த பல்லை அதே ஆய்வின் முழுப் பல்லோடு ஒப்பிடலாம். ஓர் ஆய்வின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடுவது பொருந்தாது.

இரண்டாவதாக, வாய் ஒரே அழுத்தில் பல்லை உடைப்பதில்லை. சாதாரண மெல்லுதலின் விசை அந்த எண்களுக்கு வெகு கீழே இருக்கிறது. ஆனால் அது ஆண்டுக்கு இலட்சக்கணக்கான முறை திரும்ப வருகிறது, சூடான தே தாரிக்கும் ஐஸ் கச்சாங்கும் மாறி மாறிப் படுகின்றன. ஆகவே திரும்பத் திரும்ப ஏற்றும் சுமையோடும், 5 டிகிரிக்கும் 55 டிகிரிக்கும் இடையே மாறும் நீர்க்குளியலோடும் செய்த சோதனைகளுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுங்கள். கட்டுரையைத் திறந்தவுடன் சராசரி நியூட்டனைத் தேடாமல், உடைவு எங்கே விழுந்தது என்னும் அட்டவணையைத் தேடுங்கள். எலும்பு மட்டத்துக்கு மேலே உடைந்து மீண்டும் கட்டக்கூடிய பல் 1,200 நியூட்டனில் உடைந்ததா, 1,800இல் உடைந்ததா என்பது நோயாளிக்கு இரண்டாம் பட்சந்தான். 2,500 தாங்கிவிட்டு நரம்பறையின் அடித்தளம் வரை இரண்டாகப் பிளந்த பல்லை நீங்கள் அவருக்குத் திருப்பித் தர முடியாது.

அப்பாவுக்கு எழுபது வயது. முறுக்குக் கடித்தபோது பழைய அடைப்புள்ள பல் உடைந்துவிட்டது. காப்பாற்ற முடியுமா?
மகள், ஆயர் ஈத்தாம்

ஒரு மேடு மட்டும் சாய்வாகப் பெயர்ந்து, உடைந்த விளிம்பு ஈறுக்கு அருகிலேயே நின்றால் பெரும்பாலும் முடியும். பல் நடுவில் பிளந்து இரண்டு துண்டும் தனித்தனியே அசைந்தால் முடியாது. மருத்துவரைப் பார்க்கும்வரை அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம். பாக்குப் போடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். கடையில் விற்கும் பசையால் ஒட்டிப் பார்க்கவே கூடாது, அது ஈறைப் புண்ணாக்குவதோடு உடைந்த பரப்பையும் கெடுத்துவிடும். பெயர்ந்த துண்டு கையில் இருந்தால் கழுவிச் சிறு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். விரிசல் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதை மருத்துவர் அதைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடுவார்.